மெசின் செத்துவிட்டதா, ஈரம் கட்டிவிட்டதா?

கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை தேயிலையைத் தழைக்க வைக்கும் மூடுபனியும் மழையும் காது கேட்கும் கருவிக்குப் பெரும் பகை. நேற்று வரை நன்றாக வேலை செய்த கருவி, குளிர்ந்த ஒரு காலையில் ஊமையாகிவிடும். “மெசின் செத்துப்போச்சு” என்று அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவார்கள் பெரியவர்கள். பிறகு வீட்டில் யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். பழுது பார்க்கக் கீழே இறங்குவதும் எளிதில்லை. தாப்பா சாலை சுமார் 60 கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்தே இறங்குகிறது. மாவட்டம் பகாங்கில் இருந்தாலும், காது மூக்கு தொண்டைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குப் பலரும் பேராக் மாநிலத்து ஈப்போவுக்குத்தான் போகிறார்கள். ஒரு நாள் கூலி, வண்டிச் செலவு, கூட வருகிறவரின் கூலி எல்லாம் போய்விடும்.

ஆனால் அலமாரிக்குப் போகும் கருவிகளில் பல உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. கால் மணி நேரம் ஒதுக்கினால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் கருவியை உள்ளங்கையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, கையை மூடிப் பாருங்கள். பெரும்பாலான கருவிகள் உயிரோடு இருந்தால் ‘கீ’ என்று கூவும். கூவினால் மின்பகுதி வேலை செய்கிறது, அடைப்பு வேறெங்கோ இருக்கிறது. கூவாவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். பொட்டலத்தில் உள்ள எண்ணும் வண்ணமும் பழைய பேட்டரியோடு ஒத்திருக்க வேண்டும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். இவை காற்றை உள்வாங்கி மின்சாரம் தருபவை. ஒட்டுத்தாளை உரித்ததும் உள்ளே போட்டு மூடாமல், ஓரிரண்டு நிமிடம் காற்றுப்பட வையுங்கள். உரித்த பேட்டரியில் ஒட்டுத்தாளைத் திரும்ப ஒட்டினாலும் மிச்சம் பிடிக்க முடியாது. குளிரில் பேட்டரியின் சக்தி இறங்கும் என்பதால், காலையில் செத்ததாகத் தெரிவது வெயில் ஏறியதும் மீண்டும் பேசக்கூடும். பழைய கருவிகளில் ஒரு சின்னப் பொத்தான் தவறுதலாக ‘டி’ என்ற எழுத்துக்கு நகர்ந்திருந்தாலும் வெளிச்சத்தம் கேட்காது.

அடுத்தது குழாய். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில், உடல் சூட்டோடு வரும் ஈரக்காற்று மெல்லிய குழாய்க்குள் போகிறது. வெளியே குளிராக இருந்தால் அது அங்கேயே நீர்த்துளியாகிறது. ஒரு துளி போதும், சத்தம் முழுக்க அடைபட்டுவிடும். காதுக்குள் பொருந்தும் மோல்டைக் கருவியிலிருந்து கழற்றி, காற்றடிக்கும் ரப்பர் பந்தால் குழாயை ஊதுங்கள். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும். கழற்றிய மோல்டை மட்டும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, இரவு முழுக்க உலர விடலாம். கருவியின் உடலில் தண்ணீர் படவே கூடாது. குழாய் மஞ்சளித்துக் கெட்டியாகிவிட்டால் மாற்ற வேண்டும். அடுத்த முறை கிளினிக் போகும்போது, அந்த வேலையைப் பேரப்பிள்ளை கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். காதில் மாட்டியதும் ஓயாமல் கூவினால் மோல்டு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது.

இந்த மலையில் ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டால் பாதித் தொல்லை தீரும் என்பது என் உறுதியான எண்ணம். தினமும் படுக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். கருவியைத் துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்தபடியே, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் புதிது போடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத்தூள் துளையை அடைக்கும். அடுப்பு மேலோ, முடி உலர்த்தும் மெசின் சூட்டிலோ காட்டினால் ஈரத்தோடு கருவியும் போய்விடும்.

கருவியின் உடலைத் திருப்புளி போட்டுத் திறக்காதீர்கள். சார்ஜ் போடும் வகையாக இருந்தால் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும், அதில் கை வைக்கவே கூடாது. குழந்தை பொத்தான் பேட்டரியை விழுங்கினாலோ, மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலோ, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கு ஓடுங்கள். குறும்பி எடுக்கக் காய்ச்சிய எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். காதில் சீழோ வலியோ இருந்தாலும், ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும், குற்றம் கருவியில் இல்லை. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். திடீர்ச் செவிடுக்குச் சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பயன் குறையும்.

காது ஏன் போனது என்றும் கேட்க வேண்டும். வயதாகிவிட்டது என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். தேயிலை ஆலையில் உருட்டும் மெசினும் உலர்த்தும் மெசினும் இரைகின்றன. வெளியே கொழுந்து வெட்டும் மெசினும் புல் வெட்டும் மெசினும் காதுக்குப் பக்கத்திலேயே உறுமுகின்றன. கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்தச் சத்தம் காதைத் தின்கிறது என்று கொள்ளலாம். மலேசியாவில் 2019-இல் வந்த சத்தப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒரு நாள் வேலையின் சராசரிச் சத்தம் 85 டெசிபெலைத் தாண்டக் கூடாது. தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுதோறும் காதுப் பரிசோதனை உண்டு. காதுக் காப்பு தருவது முதலாளியின் கடமை, அதற்குக் கூலியில் பிடிக்க முடியாது. சத்தத்தால் காது போவது, தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவின் சட்டத்தில் உள்ள தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டோமே என்று ஒதுங்காமல், மருத்துவ அறிக்கையோடு சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ உண்டு, பக்கத்து லயத்து வங்காளதேசத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

கருவி வாங்க வழியில்லாத குடிமக்கள் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து ஓகேயூ அட்டை பெறலாம். துணைக்கருவி உதவிக்கு அங்கேயே விண்ணப்பிக்கலாம். வருமான வரி கட்டும் பிள்ளைகள், அப்படிப் பதிந்த அப்பா அம்மாவுக்குக் கருவி வாங்கினால், ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை வரிக்கழிவு கேட்கலாம்.

இணையத்தில் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் காதில் மாட்டும் ஒலிபெருக்கிகளைக் காது கேட்கும் கருவிக்கு மாற்றாக நினைக்காதீர்கள். காதை அளக்காமல் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டும் பொருள், மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கக்கூடும். பதிவு பெற்ற செவியியலாளரிடம் அளந்து வாங்கி, ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். “இந்த மாடலுக்கு உதிரிப் பாகம் வராது” என்று கடைக்காரர் பின்னால் கைவிரித்தால் அடங்கிப் போக வேண்டியதில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கும்போதே அப்படிச் சொல்லியிருந்தால் ஒழிய, நியாயமான காலத்துக்குப் பழுதுபார்ப்பும் உதிரிப் பாகமும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மூன்று ஆண்டுக்குள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.