இணையத்தை வெட்டி எடுப்பது எப்படி?

களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளைக்குள் நுழைந்தால் மாநிலம் மாறிவிடும். செல்பேசிக் கோபுரத்துக்கு அது தெரியாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை ஓரத்து ஊர்களில் கேரள சிம் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதும், ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இருந்த காலத்தில் அதில் காசு போவதும் சகஜம். ஒரு வலைத்தளத்தை நெட் இல்லாமல் பார்க்க மொத்தமாக இறக்கிவைக்கும் மென்பொருளுக்கும் இந்த எல்லைச் சிக்கல்தான். தளம் எங்கே முடிகிறது என்று அதற்கு யார் சொல்வது?

வேலை என்னவோ எளியது. முகப்பு முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்புகளையும் படங்களையும் பொறுக்கி வரிசையில் போடும். வரிசையில் முதலில் நிற்பதை இறக்கும், அதில் கிடைக்கும் புது முகவரிகளைக் கடைசியில் சேர்க்கும், ஏற்கெனவே பார்த்ததைத் தள்ளும். இதோடு நிறுத்தினால் கிடைப்பது வெறும் குவியல். இறக்கிய பக்கத்தில் இருக்கும் இணைப்பு இன்னமும் தொலைவில் உள்ள சர்வரைத்தானே காட்டும்? அதனால் கடைசியில் எல்லாப் பக்கங்களையும் மறுபடி திறந்து, சர்வர் முகவரி இருந்த இடத்தில் பக்கத்து ஃபோல்டரின் பெயரை எழுதிவைக்கிறது. இறக்காமல் விட்ட பக்கங்களுக்கு மட்டும் முழு முகவரி அப்படியே நிற்கும். வித்தை முழுவதும் இந்தத் திருத்தி எழுதுவதில்தான் இருக்கிறது என்பேன்.

குரோஷியாக்காரர் ஹ்ர்வோயே நிக்ஷிச் 1996இல் எழுதிய வீகெட், பிரான்ஸின் சேவியர் ரோஷ் 1998இல் வெளியிட்ட ஹெச்டிடிராக் இரண்டும் செய்வது இதைத்தான். வீகெட் தானாக அடுத்த சர்வருக்குத் தாவாது. நாம் மாற்றிச் சொல்லாதவரை, இணைப்புக்குள் இணைப்பாக ஐந்து படி இறங்கியதும் நின்றுவிடும். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஒரு சாதாரண நாட்காட்டிப் பக்கமே போதும், ஆளைக் கவிழ்க்க. 'அடுத்த மாதம்' என்ற இணைப்பைத் தொட்டுத் தொட்டு மென்பொருள் 2090ஐத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கும். 'இந்தப் பக்கம் வராதே' என்று தளக்காரர்கள் ரோபோட்களுக்குக் குறிப்பு எழுதிவைக்கும் வழக்கம் 1994இலேயே தொடங்கிவிட்டது. அதைப் படித்து மதிப்பது மென்பொருளின் மரியாதையைப் பொறுத்தது.

கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் ஓடுவது குனு/லினக்ஸ். வீகெட் பெரும்பாலும் அதனுடனேயே வந்துவிடும் கருவி. ஆனால் கேரளத்தில் இணையத்தை வெட்டியெடுத்துத் தட்டில் வைத்த பெயர்பெற்ற முயற்சிக்கு அது போதவில்லை. 2010 ஏப்ரலில் மலையாள விக்கிப்பீடியர்கள் 500 கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு சிடியாக வெளியிட்டார்கள். அப்போது மலையாள விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தன.

எல்லாவற்றையும் இறக்கியிருக்கலாமே என்று தோன்றும். விக்கியில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் பேச்சுப் பக்கம், தொகுக்கும் பக்கம், பழைய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி என்று வால் நீண்டுகொண்டே போகும். நாட்காட்டிப் பொறியின் அண்ணன் இது. இணைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும் கருவி அங்கே மூழ்கிப்போகும். சந்தோஷ் தோட்டிங்கல் எழுதிய விக்கிடூசிடி என்ற நிரல் வேறு வழியில் போனது. மனிதர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியலை வாங்கிக்கொண்டு, அதிலுள்ள பக்கங்களை மட்டும் இறக்கிச் சிடிக்கு ஏற்றபடி செய்தது. எல்லை எங்கே என்பதை நிரல் தீர்மானிக்கவில்லை, ஆசிரியர் குழு தீர்மானித்தது. அந்தச் சிடியின் சிறப்பே அதுதான்.

இன்று சிடி போடவே பல கணினிகளில் இடமில்லை. 2007இல் தொடங்கிய கிவிக்ஸ், விக்கிப்பீடியா முழுவதையும் சிம் என்ற வகைக் கோப்பு ஒன்றில் சுருக்கி, தேடுவதற்கான அட்டவணையையும் உள்ளேயே வைத்துத் தருகிறது. இந்தச் சிம்முக்கும் செல்பேசிச் சிம்முக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படிக் கிடைக்கிறது. தமிழ் வழிப் பாடநூல்களையும் அச்சிடும் கேரளத்தில், எல்லையோரப் பிள்ளைகள் அதை ஒரு பென்டிரைவில் கொண்டுபோகலாம்.

இறக்கினாலும் எதுவும் வராத தளங்களும் உண்டு. எஸ்எஸ்எல்சி முடிவு பார்க்கும் தளத்தை எத்தனை முறை இறக்கினாலும் பதிவெண் கேட்கும் வெற்றுக் கட்டம்தான் மிஞ்சும். மதிப்பெண் பக்கம் எங்கும் முன்கூட்டியே எழுதப்பட்டு உட்கார்ந்திருப்பதில்லை. எண்ணைத் தட்டிய பிறகே சர்வர் அதை உண்டாக்குகிறது. எதையாவது தட்டிக் கேட்டால் மட்டும் பக்கம் தரும் தளங்கள் எல்லாம் இப்படித்தான்.

இறக்கிய நகல் பழசாகிவிடுமே என்றால், அதற்கும் வழி உண்டு. மறுமுறை போகும்போது மென்பொருள் பக்கத்தைக் கேட்பதில்லை. தன்னிடமுள்ள தேதியைச் சொல்லி, 'இதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?' என்று மட்டும் கேட்கிறது. மாறியிருந்தால் புதுப் பக்கம் வரும். மாறவில்லை என்றால் பக்கத்தை அனுப்பாமல் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தரும்.