வேலைத்தலம் – 6: அடைத்த யன்னலும் அதிரும் முகடும்

யாழ்ப்பாணத்தில் ஒரு புதுக் கந்தோர் திறந்தால், வருகிறவர்கள் முதலில் நிலத்தைப் பார்ப்பார்கள். முகம் தெரிகிற மாதிரி மின்னும் ரைல்ஸ். பிறகு அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடித் தடுப்புகள், வழுவழுப்பாகப் பூசிய கொங்கிறீற் முகடு, சுவரில் ஏசி. சில மாதம் கழித்து அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டால், பின்னேரமானால் தலையிடிக்கிறது என்பார்கள். "ஒராள் போன் கதைச்சால் எல்லாருக்கும் கேக்குது, முன்னால நிக்கிறவர் சொல்லுறதுதான் விளங்குதில்லை" என்பார்கள். வங்கியிலும் பிரதேச செயலகத்திலும், பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒன்றாயிருந்து மென்பொருள் எழுதும் மாடி அறைகளிலும் முறைப்பாடு இதுதான்.

பழியை உடனே வீதியில் போட்டுவிடுகிறோம். வீதியில் பிழை இல்லாமலில்லை. பஸ் ஹோர்ன், ஓட்டோ, திருவிழாக் காலத்து ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது கடைக்குக் கடை மின்பிறப்பாக்கி உறுமியதையும் மறக்க முடியாது. இதற்கெல்லாம் 1996 ஆம் ஆண்டின் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், பிரதேச சபைப் பகுதிகளில் 55 என்று அவை வரம்பு வைக்கின்றன. ஆனால் கதவையும் யன்னலையும் அடைத்த பிறகு உள்ளே மிஞ்சுகிற இரைச்சலுக்கு வீதி பொறுப்பில்லை. அது நாங்கள் கட்டிய கட்டடத்தின் வேலை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

1895 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபொக் அரும்பொருளகத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர்கள் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. அதைச் சீராக்கும் பொறுப்பு வோலஸ் சபீன் என்ற இளம் பௌதிகவியலாளரிடம் வந்தது. ஒரு ஓர்கன் குழலும் நேரமானியும் வைத்துக்கொண்டு இரவு இரவாக அளந்தார். ஊதி நிறுத்திய சத்தம் முற்றாக அடங்க ஐந்தரை வினாடி எடுத்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் காவிவந்து அடுக்க அடுக்க அந்த நேரம் குறைந்தது. அப்படிப் பிறந்ததுதான் எதிர்முழக்கத்தின் கணக்கு. அறையின் கனஅளவை மீற்றர் கணக்கில் எடுத்து, 0.161 ஆல் பெருக்கி, அங்குள்ள பரப்புகள் உறிஞ்சும் மொத்த அளவால் வகுத்தால், முழக்கம் அடங்கும் நேரம் வினாடியில் வரும்.

உறிஞ்சலை அளக்க சபீனுக்கு ஒரு அலகு தேவைப்பட்டது. அவர் எடுத்துக்கொண்டது திறந்த யன்னல். போன சத்தம் திரும்பி வராது என்பதால் அதற்கு முழு மதிப்பு, 1. பூசிய சீமெந்துச் சுவருக்கும் ரைல்ஸுக்கும் 0.02 அளவில்தான். அவற்றில் பட்ட சத்தத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு திரும்ப அறைக்குள்ளேயே வருகிறது.

எங்கள் பழைய கந்தோர்களை இந்தக் கணக்கோடு பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் எழுப்பிய மொத்தச் சுவர். சுற்றிவர விறாந்தை. ஆளுயர யன்னல்கள் நாள் முழுக்கத் திறந்திருந்தன. உயரத்தில் ஓட்டுக் கூரை, அதன் இடுக்குகளால் காற்றும் போகும், சத்தமும் போகும். பழைய பூங்காவை அண்டி, போரில் சிதைந்து நிற்கும் பழைய கச்சேரிக் கட்டடத்தில் அந்தத் திறப்புகளின் உயரத்தை இன்றைக்கும் பார்க்கலாம். வெக்கைக்காக வைத்த திறப்புகள் காதையும் காத்தன. ஏசி வந்ததும் அவற்றை அடைத்தோம். அவை செய்த இரண்டாவது வேலையை யார் செய்வது என்று யோசிக்கவேயில்லை.

கணக்கை ஒருதரம் போட்டுப் பார்ப்போம். எட்டு மீற்றர் நீளம், ஆறு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரமான அறை என்றால் கனஅளவு 144. சுவர், நிலம், முகடு எல்லாம் வெறுமையானவை. ஒவ்வொன்றின் பரப்பளவையும் அதன் மதிப்பால் பெருக்கிக் கூட்டி, இருக்கிற எட்டுப் பேரையும் மேசை கதிரைகளையும் சேர்த்தாலும் உறிஞ்சல் 11 அளவில்தான் வரும். முழக்கம் அடங்க இரண்டு வினாடிக்கு மேல் எடுக்கும். ஒரு சொல்லின் வால் அடங்கமுன் அடுத்த நாலைந்து அசைகள் வந்துவிடும். அதே அறையின் முகடு முழுவதும் 0.7 மதிப்புள்ள பொருளைப் பொருத்தினால் உறிஞ்சல் 43 ஆகிறது, நேரம் அரை வினாடிக்குக் கிட்ட இறங்குகிறது. பேசி வேலை செய்யும் அறைக்கு வேண்டியது அந்த அளவுதான். பதிந்த முகடுள்ள அறைகளில் சபீனின் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் எந்தப் பரப்பில் காசு போடவேண்டும் என்பதை அது சரியாகவே காட்டுகிறது.

முகட்டை இப்படி மூடினால் அறையில் பரவும் சத்தம் 6 டெசிபல் அளவில் குறையும். அதற்குமேல் இன்னொரு நன்மையும் உண்டு. இரைச்சலுக்குள் பேசுகிற மனிதர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911 இல் எழுதினார். ஒருவர் உயர்த்த மற்றவரும் உயர்த்துவார். முழக்கம் இறங்கினால் குரல்களும் தாமாக இறங்கும். "மெல்லமாக் கதையுங்கோ" என்று சுவரில் ஒட்டும் அறிவித்தலால் இது நடக்காது.

அப்படியானால் முகட்டில் எதைப் போடுவது? முட்டைத் தட்டு ஒட்டுவதை ஒலிப்பதிவு அறைகளில் பார்த்திருப்பீர்கள். அது மெல்லிய மட்டை, பேச்சுக் குரலுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. றெஜிஃபோம் அதைவிட மோசம். அதன் துளைகள் மூடியவை, சத்தம் உள்ளே இறங்காது, தீயும் பற்றும். சத்தம் நுழைந்து நாருக்கும் நாருக்கும் இடையில் உராய்ந்து வெப்பமாகிப் போவதற்குத் திறந்த இடுக்குகள் வேண்டும். கொழும்பிலிருந்து கனிம நார்ப் பலகை இறக்குவது ஒரு வழி. ஆனால் உலகத்துக்கே தும்பு ஏற்றும் நாட்டில் இருக்கிறோம். அமுக்கிய தென்னந்தும்பு ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பில், முகட்டுக்கும் அதற்கும் நடுவில் ஐந்தோ பத்தோ சென்ரிமீற்றர் காற்றிடைவெளி விட்டுத் தொங்கினால், பேச்சின் முக்கியமான அதிர்வெண்களை நன்றாகவே பிடிக்கும். மரச்சட்டம் அடித்துப் பருத்தித் துணி போர்த்தால் பார்வைக்கும் குறையில்லை. பனந்தும்பு இதைவிட மொத்தமும் விறைப்பும், ஆகவே தடிப்பு இன்னும் கூட வேண்டும். எந்தத் தும்பாக இருந்தாலும் போறிக் அமிலமும் போறாக்ஸும் கலந்த நீரில் ஊறவிட்டுக் காயவைக்காமல் ஏற்றக்கூடாது. நெருப்புக்கும் கறையானுக்கும் அதுதான் காவல்.

தகரக் கூரை போட்ட மேல்மாடிகளுக்கு மாரி காலத்தில் வேறு கவலை. மழைச் சத்தத்தைத் தும்பு மட்டும் நிறுத்தாது. தகரத்துக்குக் கீழே பாரமான பலகையால் முகடு அடித்து, தும்பை அதன் கீழ்ப்பக்கம் தொங்கவிட வேண்டும்.

தடுப்புப் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நெஞ்சளவு கண்ணாடித் தடுப்பு சத்தத்தை நேரே போகவிடாது, உண்மைதான். ஆனால் முகடு வெறுமையாக இருந்தால் சத்தம் மேலே பட்டு அடுத்த மேசையில் இறங்கும். முகட்டைச் செய்யாமல் தடுப்புக்குச் செலவழிப்பது வீண்.

மென்பொருள் நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு சொல். பக்கத்து மேசைக்காரர் லண்டன் வாடிக்கையாளரோடு ஆங்கிலத்திலோ கொழும்போடு சிங்களத்திலோ கதைத்தால், விளங்காத மொழிதானே, தொந்தரவில்லை என்று எண்ணுகிறோம். 1976 இல் கோல், வெல்ஷ் என்ற உளவியலாளர்கள், ஜேர்மன் தெரியாத மாணவர்கள் எழுத்து வரிசையை மனதில் பிடித்துவைக்கும்போது ஜேர்மன் வாசிப்பை ஒலிக்கவிட்டார்கள். பிழைகள் கூடின. பொருள் விளங்காவிட்டாலும் பேச்சு மனதைக் குழப்பும். பழைய மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் அந்தப் பேச்சை ஓரளவு மூடிவைத்தது. ஏசி அமைதியானது, அதனால் ஒவ்வொரு சொல்லும் துலங்குகிறது. போன் கதைக்கக் கதவுள்ள ஒரு சிறு அறை ஒதுக்குவது ஆடம்பரமில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கவலை கவுண்டர்தான். காணி உறுதி, ஓய்வூதியம், அஸ்வெசும, காணாமற்போன மகனின் விபரம் என்று ஒரு மனிதர் தன் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு வருகிறார். "ஐயா, கேக்கேல்லை, சத்தமாச் சொல்லுங்கோ" என்கிறார் உள்ளேயிருக்கும் தங்கச்சி. அவரில் பிழையில்லை, கண்ணாடியிலுள்ள ஓட்டையால் அவருக்கு உண்மையாகவே கேட்கவில்லை. ஐயா கத்திச் சொல்கிறார். பின்னால் வரிசையில் நிற்கும் ஊரே கேட்கிறது. சில தாய்மார் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுவார்கள்.

காசு குறைவென்றால் முழுக் கட்டடத்துக்கும் காத்திருக்க வேண்டாம். முதலில் கவுண்டருக்கும் ஆட்கள் காத்திருக்கும் இடத்துக்கும் மேலேயுள்ள முகட்டை மட்டும் செய்யுங்கள். கவுண்டர் உயரத்தைக் குறைத்து முன்னால் ஒரு கதிரை போடுங்கள். உத்தியோகத்தரின் முகத்துக்கு நேரே, ஒரு முழ இடைவெளியில் வந்தவர் இருந்து கதைக்கட்டும். வரிசையை நாலைந்து மீற்றர் பின்னுக்குத் தள்ளி, அங்கே யன்னல் இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள்.

(தொடரும்)