கடப்பா கல்லுக்குள் ஒரு பாதாளம்

நம் வீட்டு அடுக்களைகளில் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் பதிக்கும் கறுப்புக் கடப்பா கல், ஒருவகைச் சுண்ணாம்புப் பாறை. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ அதில் சிந்தி ராத்திரி முழுக்கக் கிடந்தால், காலையில் அந்த இடம் வெளுத்திருக்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் புளிப்பு அங்கே கல்லையே அரித்துவிட்டது. இதே வேலையை மழைநீர் ஆயிரமாயிரம் ஆண்டுகள் விடாமல் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்புகிறவர்கள், அந்தக் கல்லை வெட்டியெடுக்கும் ராயலசீமைக்கே போகலாம். ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லா வட்டாரத்தில் இருக்கிறது பெலும் குகை.

குகை என்றதும் மலைச்சரிவில் வாய் பிளந்த ஒரு பொந்துதான் மனதில் வரும். பெலும் அப்படி இல்லை. வறண்ட சமதரையில் கிணறு போன்ற பள்ளங்கள் தெரியும். அவற்றில் ஒன்றின் வழியாகப் படி இறங்கினால் நிலத்தடியில் விரிகிறது 3,229 மீட்டர் நீளமுள்ள சுரங்க வலை. அதில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் வரை பயணிகள் நடக்கலாம். சில இடங்களில் கல்யாண மண்டபம்போல் அகன்ற கூடம். அடுத்த திருப்பத்திலேயே தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கிக்கொண்டு நுழைய வேண்டிய சந்து. சுவர்களில் நீர் ஓடி வழித்த வளைவுகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. நுழைவாயில் மட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழத்தில் பாதாள கங்கை என்னும் சிற்றோடை பாறைக்குள் மறைந்து போகிறது.

இந்த வேலைப்பாட்டின் சூட்சுமம் எளிது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி லேசான அமிலமாகிறது. பாறையின் விரிசல்களில் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது. விரிசல் அகன்று வழியாகிறது, வழி அகன்று கூடமாகிறது. பிறகு நீர்மட்டம் கீழே இறங்கி, கூடத்தில் காற்று நிரம்பியதும் நாடகம் தலைகீழாகிறது. கூரையில் கசிந்து தொங்கும் துளி தன்னிடமுள்ள வாயுவை வெளியே விடுகிறது. அதனால் சுமந்து வந்த சுண்ணாம்பில் கொஞ்சம் அங்கேயே படிகிறது. துளிமேல் துளியாகப் படிந்தது கூரையிலிருந்து தொங்கினால் கல்விழுது. தரையிலிருந்து எழுந்தால் கல்முளை. இரண்டும் கைகோத்தால் கல்தூண். பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வளர்ச்சி. அந்தக் கணக்கில், ஒரு சாண் விழுது உருவாக இரண்டாயிரம் ஆண்டுகள் வேண்டும்.

பெலுமில் கோடிலிங்கம் என்று அழைக்கப்படும் அறையில் இப்படிப்பட்ட கல்விழுதுகள் நெருக்கமாகத் தொங்குகின்றன. சப்தஸ்வர குகையிலோ, கல்லைத் தட்டினால் உலோகம்போல் கணீரென்று ஒலிக்கும். கேட்கும் ஆசை யாருக்கும் வரும். ஆனாலும் தட்டிக் காட்டச் சொல்லாமல் இருப்பதே நல்லது. தினமும் வருகிற கூட்டத்தில் ஆளுக்கு ஒரு தட்டு என்றால் எந்தக் கல்தான் தாங்கும்?

இந்தக் குகையை 1884-இல் குறிப்பிட்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். சென்னைப் பல்லாவரத்தில் 1863-இல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே புவியியலாளர். அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1982-83-இல் டேனியல் கெபாவர் தலைமையிலான ஜெர்மானியக் குழு உள்ளே புகுந்து விரிவாக ஆராய்ந்தது. சுற்றுவட்டாரக் குப்பையைக் கொட்டும் பள்ளமாகவும் இந்த இடம் இருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அந்தக் குப்பையையும் சேற்றையும் அள்ளி, நடைபாதை போட்டு, விளக்கு பொருத்தி, காற்று வரத் துளைகள் அமைத்து, ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 2002-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

திறந்துவிடுவதிலும் ஆபத்து உண்டு. பிரான்ஸின் லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டன. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால், 1963-இல் அந்தக் குகையைப் பொதுமக்களுக்கு மூட வேண்டியதாயிற்று. ஓவியமே இல்லாத குகையிலும் சேதம் நடக்கும். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது. மின்விளக்கின் வெளிச்சம் விழும் பாறையில் பாசி பிடிக்கும். இழப்பு அழகோடு முடிவதில்லை. மேகாலயாவின் மவ்ம்லூ குகையிலிருந்து எடுத்த ஒரு கல்முளையின் அடுக்குகளில், 4,200 ஆண்டுகளுக்கு முன் மழை பொய்த்த கதை பதிவாகியிருந்தது. அதை அடையாளமாக வைத்துத்தான் பூமியின் வரலாற்றில் இன்று நடக்கும் காலகட்டத்துக்கு 2018-இல் ‘மேகாலயன்’ என்று பெயர் சூட்டினார்கள். உடைந்த ஒரு துண்டை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்பவர், பல நூற்றாண்டு மழைக்கணக்கைச் சேர்த்து எடுத்துப் போகிறார்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு மும்பை ரயில் பாதையிலுள்ள தாடிபத்ரி வசதியான நிலையம். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். குகைக்குள் குளுகுளுவென்று இருக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான்: வெக்கையும் புழுக்கமும் சேர்ந்து சட்டை நனைந்துவிடும். பருத்தி உடையும், வழுக்காத செருப்பும், தண்ணீரும் அவசியம். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் ஆழமான பகுதிகளைத் தவிர்க்கலாம். பிரம்மாண்டமான கல்முளைகளைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு, விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு போகும் ரயில் பாதையிலுள்ள போரா குகை பொருத்தம்; அதற்கென்றே ஒரு ரயில் நிலையம்கூட உண்டு.

பெலும் வரை வந்தவர்கள் இன்னொரு நாளை ஒதுக்கி கண்டிக்கோட்டைக்கும் போய்வரலாம். பெண்ணாறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கை, கோட்டையின் விளிம்பில் நின்று மாலை வெயிலில் பார்க்கலாம்.