மருந்து வளர்த்த பூச்சி

பச்சைப் பசேலென்று நிற்கும் நெல் வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து, தீப்பட்டதுபோல் சாய்ந்து கிடந்தால் அது புகையானின் வேலை என்று காவிரிப் பாசனப் பகுதியில் யாரும் சொல்லிவிடுவார்கள். நெல்மணியைவிடச் சிறிய பழுப்பு நிறத் தத்துப்பூச்சி அது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்த்தால் இலை அசையாமல் நிற்கும். பார்வையில் படும்போது பாதி வயல் போயிருக்கும். அதனால் புகையான் என்ற பேச்சு எழுந்ததுமே கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நெல்லைப் பற்றி நடந்த ஐம்பதாண்டு ஆராய்ச்சி இந்த வழக்கத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. ஓரத்தில் கிடந்த ஒரு சின்னப் பூச்சியை ஆசியாவின் பெரும் பகையாக்கியதில் பூச்சிமருந்துக்கே முதன்மையான பங்கு என்பதுதான் அதன் சாரம்.

வெப்ப மண்டல நாடுகளில் 1960-களுக்கு முன் புகையானைப் பற்றிய கவலை பெரிதாக இருந்ததில்லை. 1966-ல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. குட்டைப் பயிர், நெருக்க நடவு, அள்ளி இடும் யூரியா, ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம், இவற்றோடு பூச்சி இருக்கிறதோ இல்லையோ நாள் பார்த்து அடிக்கும் மருந்து என ஒரு புது வேளாண்மை பரவியது. அடுத்த பத்தாண்டுகளில் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா என்று எங்கும் புகையான் வெடித்தது. எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தைக் கொடுத்துவிட்டால் தீரும் என்று 1973-ல் ஐ.ஆர்.26 வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அந்த ரகத்தையும் தின்னப் பழகிய புகையான் வந்துவிட்டது. 1976-ல் ஐ.ஆர்.36 வந்து நெருக்கடியைத் தணித்தது. அப்போதும் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது: இத்தனை மாற்றங்களில் எது பூச்சியைப் பெருக்கியது?

பீட்டர் கென்மோர் என்ற இளம் ஆய்வாளர் பிலிப்பைன்ஸ் வயல்களில் 1970-களின் பின்பகுதியில் செய்த வேலை அந்தக் கேள்விக்கு விடை தந்தது. மருந்து அடித்த வயலையும் அடிக்காத வயலையும் ஒப்பிட்டு, புகையானோடு அதைத் தின்னும் உயிர்களையும் சேர்த்து எண்ணிக்கொண்டே வந்தார். மருந்து அடித்த வயலில்தான் புகையான் பல மடங்கு பெருகியது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள்ளேயே புதைத்து வைக்கிறது. தெளிக்கும் மருந்து அவற்றைத் தொடுவதில்லை. வெளியில் திரியும் ஓநாய்ச் சிலந்தியும், புகையான் முட்டையைக் குத்தி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் மருந்தில் செத்துப்போகின்றன. சில நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வெளிவரும்போது வயலில் காவலுக்கு ஆளில்லை. சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்புவதற்குள் புகையான் ஒரு தலைமுறையை முடித்து அடுத்ததைத் தொடங்கியிருக்கும். 1980-ல் செல்லையாவும் ஹைன்ரிக்ஸும் வெளியிட்ட ஆய்வு இன்னொரு அடியையும் கொடுத்தது: சில மருந்துகள், கொல்லாத அளவில் உடம்பில் ஏறும்போது, பெண் புகையானைக் கூடுதலாக முட்டையிடவும் வைக்கின்றன.

இதற்கு அடுத்த கண்ணி இன்னும் சுவையானது, பலருக்கும் தெரியாதது. நடவு முடிந்த புதிதில் வயலில் பூச்சியே இருக்காதே, அப்போது சிலந்தி எதைத் தின்று வாழும்? ஜாவாவின் வயல்களை ஆராய்ந்த செட்டில் குழுவினர் 1996-ல் விடை எழுதினார்கள். சேற்றில் மட்கும் வைக்கோலையும் தாள்களையும், தண்ணீரில் மிதக்கும் பாசியையும் தின்று வளரும் கொசு போன்ற சிறு ஈக்கள் பருவத்தின் தொடக்கத்திலேயே ஏராளமாக வருகின்றன. பயிருக்கு அவற்றால் கெடுதல் இல்லை. சிலந்திப் படை அவற்றைத் தின்று பெருகி, புகையான் வந்து சேரும் முன்பே வயலில் தயாராக இருக்கிறது. நட்ட இருபதாம் நாள் ‘எதற்கும் ஒரு தடவை’ என்று அடிக்கும் மருந்து அறுப்பது இந்தச் சங்கிலியைத்தான். அந்த நேரத்தில் கண்ணில் படும் இலைச்சுருட்டுப் புழுவின் வெள்ளைக் கோடுகள் பார்க்கப் பயமுறுத்தினாலும், தூர் கட்டும் பருவத்தில் இருக்கும் பயிர் அந்த இழப்பைப் புது இலைகளால் ஈடு கட்டிக்கொள்ளும்.

இந்த அறிவு அரசாணையாக மாறிய நாடு இந்தோனேசியா. அரிசி இறக்குமதியில் உலகில் முன்வரிசையில் இருந்த அந்நாடு 1984-ல் தன்னிறைவு பெற்றது. அரசே பூச்சிமருந்துக்கு விலையில் பெரும்பகுதியை மானியமாகக் கொடுத்துவந்தது. இரண்டே ஆண்டில் ஜாவாவில் புகையான் மீண்டும் வெடித்து அந்தத் தன்னிறைவையே ஆட்டியது. இடா ந்யோமன் ஓகா போன்ற அந்நாட்டு விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்ன பிறகு, 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்தார். மானியம் படிப்படியாக வெட்டப்பட்டு 1989-ல் நின்றது. மருந்துப் பயன்பாடு சரிந்தது. நெல் உற்பத்தி சரியவில்லை, தொடர்ந்து ஏறியது. மருந்தை நிறுத்தினால் பஞ்சம் வரும் என்று மிரட்டியவர்களுக்கு ஒரு நாட்டின் அளவில் கிடைத்த பதில் அது.

இதை எதிர்த்துச் சொல்லக்கூடியவை உண்டு. அவற்றில் சில வலுவானவை. முதலாவது, அதே 1986-ல்தான் ஐ.ஆர்.64 இந்தோனேசியாவில் பரவத் தொடங்கியது. புகையானை ஓரளவு தாங்கும் ரகம் அது. அப்படியானால் வெற்றி ரகத்துடையதா, தடையுடையதா? இரண்டுக்கும் பங்குண்டு என்பதே நியாயம். ஆனால் ஐ.ஆர்.26-ம் தாங்கும் ரகம்தான். ஓயாமல் மருந்து அடித்த வயல்களில் அது சில ஆண்டுகளிலேயே விழுந்தது. எதிரிகள் உயிரோடு இருக்கும் வயலில் புகையான் கூட்டம் சிறியதாகவே இருப்பதால், ரகத்தை வெல்லும் பூச்சி தலையெடுக்கும் வேகமும் குறைகிறது. ரகமும் சிலந்தியும் போட்டியாளர்கள் அல்லர்.

இரண்டாவது எதிர்வாதம் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைப் பற்றியது. 1989 முதல் இந்தோனேசியாவில் லட்சக்கணக்கான உழவர்கள் ஒரு பருவம் முழுதும் வாரந்தோறும் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணிக் கற்றார்கள். 2004-ல் உலக வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்தப் பள்ளிகளால் விளைச்சலிலோ மருந்துப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை என்றார்கள். சங்கடமான முடிவுதான், ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அது எதை மறுக்கிறது? மருந்து புகையானைப் பெருக்குகிறது என்பதை அது தொடவில்லை. கற்பிக்கும் முறையைத்தான் குறை காண்கிறது. இந்த அறிவை ஒருவர் தன் வயலில் குனிந்து பார்த்துப் பெற வேண்டியிருக்கிறது. பக்கத்து வரப்புக்காரர் சொல்லக் கேட்டுப் பெற்றுவிட முடிவதில்லை. மருந்துக் குப்பிக்கோ அந்தத் தொல்லை இல்லை, கடையில் கேட்டால் கையில் வந்துவிடும். வியட்நாமின் மீகாங் பாசனப் பகுதியில் ஹியோங், எஸ்கலாடா என்ற ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். பாடம் எல்லாவற்றையும் ஒரே வரியாகச் சுருக்கி, முதல் நாற்பது நாள் இலை தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்காமல் வயலின் ஒரு மூலையில் நீங்களே சோதித்துப் பாருங்கள் என்று 1990-களில் வானொலி நாடகமாகவும் சுவரொட்டியாகவும் பரப்பினார்கள். லாங் ஆன் மாகாணத்தில் மருந்தடிப்பு ஏறத்தாழப் பாதியானது.

அந்தப் பழக்கம் எங்கும் நிலைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து 1990-களில் வந்து பழைய பாடத்தை எல்லாரையும் மறக்கவைத்தது. 2005 வாக்கில் கிழக்கு ஆசியாவில் புகையான் அதற்கும் அசராமல் நின்றது. 2006-ல் மீகாங்கில் புகையானும் அது பரப்பும் குட்டை நோய் வைரசுகளும் சேர்ந்து பயிரை அழித்தன. இந்தோனேசியாவிலும் மலிவு மருந்துகள் திரும்பியபோது புகையான் கூடவே திரும்பியது.

இந்த வாதத்துக்கு எல்லையும் உண்டு. கோரைப்புல்லையும் குதிரைவாலியையும் தின்று தீர்க்கச் சிலந்தி வராது. களைக்குக் கைக்களையோ களைக்கொல்லியோ வேண்டும். குலைநோய்ப் பூசணத்துக்குத் தாங்கும் ரகம் இல்லாத இடத்தில் பூசணக்கொல்லியைத் தவிர்க்க முடியாமல் போகலாம். புகையானுக்கேகூட மருந்தே கூடாது என்பதல்ல பேச்சு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தெளிவாகவே இருக்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான், அதைத் தாண்டினால்தான் மருந்து. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடு, தழைச்சத்தைப் பிரித்துக் கொடு, தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டு, பூச்சியை மீண்டும் பெருக்கும் பைரித்திராய்டு வகை மருந்துகளைத் தொடாதே என்பதெல்லாம் அதோடு வருபவை. பொறுத்திருந்து நட்டமானால் உழவர்தானே சுமக்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் இவற்றில் பதில் இல்லை. அது பயிர்க் காப்பீடும் அரசும் சொல்ல வேண்டிய பதில்.

சிலந்தியை விற்று யாரும் லாபம் பார்க்க முடியாது, ஆகவே அதற்கு விளம்பரமும் கிடையாது. வேளாண்மைத் துறையின் விரிவாக்கப் பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு இந்த அறிவைப் பரப்ப முடியாது. அவை நிரம்பும்வரை, உரக்கடைக்குப் போகுமுன் வயலில் இறங்கி, தூரைப் பிரித்துப் புகையானை எண்ணுங்கள். சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள்.