கண்ணாடி இழை இணையமும் நம் வீட்டு ரூட்டரும்

அட்டப்பாடி மலையில் குடியேறிய நம்மவர்களுக்குக் கோயம்புத்தூர் உறவோடு தொலைபேசியில் பேசுவது ஒரு காலத்தில் பெரும்பாடு. ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு அரைநாள் காத்திருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய கருப்புத் தொலைபேசிக் கருவிகூட நமக்குச் சொந்தமில்லை, துறைக்குச் சொந்தம். நாமும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இன்று அகளியில் கண்ணாடி இழை வழியே இணையம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இப்போதாவது கேட்க வேண்டும்: சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியில் எந்த வேலை அவர்களுடையது, எந்த வேலை நம்முடையது?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2024 மே மாதம் ஒரு மாலை. கோடை மழையோடு இடி இறங்கியது. எங்கள் வீட்டு இணையப் பெட்டி கருகிவிட்டது. பேத்தி பத்தாம் வகுப்பு முடித்து, ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டிய நேரம். கடைசித் தேதிக்கு இரண்டே நாள். எங்கள் வீடு குன்றின் மடிப்பில் இருப்பதால் கைப்பேசியிலும் சிக்னல் நிற்காது. “ஏனுங்க தாத்தா, நம்ம பெட்டிக்குப் பதிலா கடையில ஒண்ணு வாங்கி மாட்டிக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அக்ஷயா மையத்தில் வரிசையில் நின்று விண்ணப்பத்தைப் போட்டுவிட்டோம், இடமும் கிடைத்தது. ஆனால் வீட்டில் இணையம் திரும்ப வர ஐந்து நாள் ஆயிற்று. புதுப் பெட்டி மூன்றாம் நாளே வந்துவிட்டது. அதில் போட வேண்டிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முதலில் இணைப்புக் கொடுத்த பையனிடம் இருந்தன; அவனோ வேலையை விட்டுப் போய்விட்டான். நாங்களும் கேட்டு வாங்கி வைக்கவில்லை.

பேத்தி கேட்ட கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

இழையில் நடப்பது என்ன?

கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. மின்வாரியக் கம்பங்கள் வழியாக இழையை இழுத்து, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தருவது அதன் இலக்கு. பி.எஸ்.என்.எல். நிறுவனமும் உள்ளூர்ப் பங்காளிகள் மூலம் இழை இணைப்புக் கொடுத்து வருகிறது. யார் கொடுத்தாலும் அடிப்படை ஏறத்தாழ ஒன்றுதான்.

நிலையத்திலிருந்து வரும் ஒரே இழை, வழியில் ஒரு சிறு பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டாம். நம் வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். இங்கிருந்து போவது 1310. பரவலாக உள்ள ஜிபான் முறையில், நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் கீழே வரும், 1.25 கிகாபிட் மேலே போகும். அதை அத்தனை வீடும் பங்கிட்டுக் கொள்கின்றன. மேலே அனுப்பும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரத்துளி ஒதுக்கப்படுகிறது. ஊர்க் குழாயில் முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு பெட்டி முறை தவறி ஒளியை அனுப்பினால் அந்த இழையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் இணையம் தடுமாறும்.

ஆகவேதான் இழையின் முனையில் உள்ள ஒளிப்பெட்டியின் வரிசை எண்ணை நிலையத்தில் பதிவு செய்கிறார்கள். ஓஎன்டி என்பது அதன் பெயர். கடையில் ஒன்றை வாங்கி நாமாகச் செருகினால் நிலையம் அதை ஏற்காது. இது அவர்கள் பிடிவாதமல்ல, தேவை.

இரண்டு வேலை, ஒரு பெட்டி

ரூட்டரின் வேலை வேறு. திசைவி என்று அழகான தமிழ்ப் பெயர் உண்டு. வீட்டிலுள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஒவ்வொன்றுக்கும் முகவரி கொடுத்து, வருவதையும் போவதையும் பிரித்து அனுப்புவது அதுதான். வைஃபை கொடுப்பதும் அதுவே. குழப்பம் எங்கே வருகிறது என்றால், இப்போது பெரும்பாலும் இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் அடக்கித் தருகிறார்கள். அதனால் ஒன்று போனால் எல்லாம் போயிற்று.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. ஓஎன்டியை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். அப்போது அது ஒளியை மின்குறிப்பாக மாற்றிக் கொடுப்பதோடு நின்றுவிடும். மற்றதெல்லாம் நம் ரூட்டர் பார்த்துக்கொள்ளும்.

நான் இதைக் கேட்டபோது வந்த பையன், “சாரே, இதுல வேற ரூட்டர் வெக்க முடியாது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேட்டேன். செய்து கொடுத்தார்கள்.

நான்கு விவரங்கள்

எழுதிக் கேட்கும்போது இவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது, பிபிபிஓஇ முறை என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். இரண்டாவது, வீலேன் எண். இடத்துக்கு இடம் மாறும், இது தவறினால் இணையம் வராது. மூன்றாவது, ஓஎன்டியின் எந்தத் துளையில் நம் ரூட்டரின் வான் துளையை இணைப்பது என்பது. நான்காவது, தரைவழித் தொலைபேசி இருந்தால் அதன் ஏற்பாடு. அந்தக் குரல் ஓஎன்டியிலிருந்தே வருவதால் அதைத் தொடாமல் விடச் சொல்லுங்கள்.

பிரிட்ஜ் முறை கிடைக்காவிட்டாலும் சொந்த ரூட்டரைப் பின்னால் இணைக்கலாம். ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில் வைத்தால் வைஃபை மட்டும் நம்முடையதாகும். ரூட்டராகவே வைத்தால் முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கும். படிப்புக்கும் படத்துக்கும் தொல்லை இல்லை, சில விளையாட்டுகளுக்கு மட்டும் இடைஞ்சல். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்க்க நினைப்பவர்கள், தனிப் பொது முகவரி தருவார்களா என்றும் விசாரிக்க வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன.

வாங்கும்போது

என் முதல் தவறு, மலிவு என்று 100 மெகாபிட் துளை கொண்ட ரூட்டரை வாங்கியது. 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிப் பாதிக்கும் குறைவாக அனுபவித்தேன். கிகாபிட் துளையும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 5 வேகம் தரும், சுவரைத் தாண்டச் சிரமப்படும், 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. தொலைபேசிக் கம்பிக்கான பழைய ஏடிஎஸ்எல் மோடத்தை இங்கே ரூட்டராக வைக்க முடியாது. மாட்டிய அன்றே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பெரும்பாலும் அடி வருவது மின் இணைப்பு வழியாகத்தான். இடி தொடங்கும்முன் பெட்டிகளின் அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இழையை மடக்காதீர்கள், அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

வேறு நாட்டில்

அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனத்தின் கருவியைத் தவிர வேறு எதையும் இணைக்கக் கூடாது என்றிருந்த நிலை, 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கின் தீர்ப்பால் மாறியது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், விரும்பிய ரூட்டரை வைத்துக்கொள்வது வாடிக்கையாளரின் சட்ட உரிமை. நமக்கு அங்கே போல வழக்குப் போட வேண்டிய அவசியம் வரவில்லை. கேட்டுப் பெற்றாலே போதுமானதாக இருந்தது.

சென்ற ஆண்டு மீண்டும் ஓஎன்டி போயிற்று. இம்முறை தாளில் எழுதி வைத்திருந்த விவரங்களைக் காட்டினேன். புதுப் பெட்டியைப் பதிந்து, பிரிட்ஜ் முறையில் போட்டு, அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. வீட்டு வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் மாறவில்லை. ஆகவே இணைப்பு வாங்கும் அன்றே அந்த நான்கு விவரங்களையும் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். மலையாளத்தில் விண்ணப்பம் எழுதத் தயங்குகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். பேத்தி எழுதிக் கொடுப்பாள்.