கடன் தீரும், காணி திரும்புமா?

2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில், இந்திய உதவி வீடமைப்புத் திட்டத்தின் கீழ் இரண்டாயிரத்துக்கும் அதிகமான தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. இருநூறு வருசம் லயத்துக் காம்பராவில் வாழ்ந்த சமூகத்துக்கு அது பெரிய நாள். ஆனால், உறுதி உள்ள வீட்டைத் தேடி அதை எழுதி வாங்குபவனும் வருவான். பசறை, லுணுகலை, ஹாலிஎல பக்கம் சிறுகச் சிறுகச் சேர்த்துக் காணி வாங்கியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

2024இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. கைக்கு வரும் நாட்சம்பளத்தில் குழுக்கடன், நகை அடகு, மீற்றர் வட்டி எல்லாவற்றையும் கட்ட முடியாமல் தவிக்கும் பெண்ணிடம் ஒருவன் வருகிறான். “லோன் முழுசையும் நான் கட்டிர்றேன் அக்கா. நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. காசு வந்ததும் காணியைத் திருப்பிக்கலாம்.” நொத்தாரிசின் மேசையில் இருக்கும் தாள் சிங்களத்தில். ஈடு வைப்பதாக நினைத்துக் கையெழுத்து வைக்கிறாள். எழுதியிருப்பதோ விற்பனை.

இங்கேதான் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஈட்டு உறுதியில் காணி உங்கள் பெயரிலேயே இருக்கும். நிபந்தனைக் கைமாற்றத்தில் காணி உடனே அடுத்தவர் பெயருக்குப் போகும். குறித்த தவணைக்குள் பணத்தைக் கட்டினால்தான் திரும்பும். அறுதி விற்பனையில் கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது. “திருப்பித் தருவேன்” என்ற வாய்ப்பேச்சு உறுதியில் ஏறாது.

ஏமாந்தவர்களுக்கு வழியே இல்லை என்றில்லை. 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கடன் இணக்கச் சபை, ஈட்டுக்கும் நிபந்தனைக் கைமாற்றத்துக்கும் சமரசம் பேசும். கைமாற்றத்தின் தவணை முடியுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும். விற்பனையாக எழுதப்பட்டிருந்தாலும், 1917இன் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு கைகொடுக்கலாம். வீட்டில் தொடர்ந்து குடியிருப்பது யார், கொடுத்த பணம் காணியின் பெறுமதிக்கு ஈடானதா என்றெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஆனாலும் வழக்கு நீளும். நாட்சம்பளக்காரருக்கு அந்த அலைச்சல் தாங்காது. கையெழுத்துக்கு முன்னால் காட்டும் கவனம்தான் உண்மையான காவல்.

கைபேசியிலும் ஆள் வருவான். “கிரிப் பதிவை அழித்துத் தருகிறோம்” என்பான். கிரிப் என்பது கடன் தகவல் பணியகம்; கடன் கொடுத்த நிறுவனம் அறிவிக்காமல் அங்குள்ள பதிவை எவராலும் மாற்ற முடியாது. லோன் தருமுன்பே ‘செலவுக் காசு’ கேட்பவனும், ஓடீபீ இலக்கம் கேட்பவனும், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவனும் ஒரே கூட்டம்தான். சந்தேகம் வந்தால் மத்திய வங்கியை 1935இல் அழைத்து, அந்த நிறுவனம் அனுமதி பெற்றதா என்று கேளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்ற தாளில் ஏறி, தொழிலாளியைத் தோட்டம் தோட்டமாகத் துரத்தியது. அந்த முறை 1921இல் ஒழிந்தது. வாசிக்கத் தெரியாத தாள் அன்று நம் முன்னோரைக் கட்டிப்போட்டது. இன்று நம் வீட்டில் தமிழும் சிங்களமும் படிக்கிற பிள்ளை இருக்கிறது.

அம்மா, அக்கா, அண்ணன்மாரே, எந்தத் தாளையும் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்து அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள். வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். தாளைக் கொடுத்தனுப்ப மறுப்பவனுக்கு உங்கள் கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.