எந்த நீதிமன்றத்திடம் எதைக் கேட்கலாம்?

"கோட்டுக்குப் போனேன், ஒன்றும் நடக்கேல்லை" என்று பல சகோதரிகள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எந்தக் கோட்டுக்கு, எதைக் கேட்டுப் போனீர்கள் என்று விசாரித்தால்தான் விடயம் விளங்கும். ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. எந்த இடத்தில் நடந்த விடயத்தை, எவ்வகையான விடயத்தை அது விசாரிக்கலாம், எதுவரை கட்டளையிடலாம் என்பதே அந்த எல்லை. இதனை நியாயாதிக்கம் என்பர். இதை அறிந்துகொண்டால் நமது அலைச்சலும் ஏமாற்றமும் குறையும்.

செம்மணி சொல்லும் பாடம்

1996 செப்டெம்பரில் மாணவி கிருஷாந்தி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். குற்றம் நடந்தது யாழ்ப்பாணத்தில். ஆனால் வழக்கை விசாரித்தது கொழும்பு மேல் நீதிமன்றத்தில் அமர்ந்த மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார். 1998 ஜூலையில் படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது குற்றவாளிகளில் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாகக் கூறினார். அந்த நீதிபதிகளின் முன் இருந்ததோ நால்வரின் கொலை வழக்கு மட்டுமே. மற்றவர்களைப் பற்றித் தனியாக விசாரணை நடக்க வேண்டியிருந்தது. 1999இல் தோண்டியபோது 15 உடல்களின் எச்சங்கள் மீட்கப்பட்டன.

2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது மீண்டும் எலும்புகள் வெளிப்பட்டன. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் கட்டளைப்படி அகழ்வு நடைபெற்றது. அவ்வாண்டிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. ஆகஸ்டில் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அன்று அங்கு நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஒரு தாயார் என்னிடம், "பிள்ளை, இந்த நீதவான் ஐயா அவங்களுக்குத் தண்டனை குடுப்பாரோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா. தோண்டச் சொல்லவும், சான்றுகளைப் பாதுகாக்கவும், பரிசோதனைக்கு அனுப்பவும் அவருக்கு அதிகாரம் இருக்கு. கொலைக்குத் தண்டனை குடுக்கிறது மேல் நீதிமன்றம். அதுக்கு முதலில சட்டமா அதிபர் வழக்குத் தாக்கல் செய்யவேணும்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்ப நாங்கள் கேட்கவேண்டிய ஆள் அவர்தான்" என்றார். அதுதான் சரியான விளக்கம்.

காணாமற் போனவர்களுக்காக

பிடித்துச் செல்லப்பட்டவரை நீதிமன்றில் நிறுத்தும்படி கேட்பது ஆட்கொணர்வு மனு. மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் இம்மனுவை விசாரிக்கும் அதிகாரத்தை 1987இன் 13ஆவது திருத்தம் வழங்கியது. ஆகவே கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போகவேண்டும் என்றில்லை. 2009இல் இராணுவத்திடம் சரணடைந்த ஒருவர் தொடர்பான மனுவில், அவரை முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் கட்டளையிட்டது. இம்மனுவின் நோக்கம் ஆளைக் கண்டுபிடிப்பதே. கொலைக் குற்றத்துக்கான தண்டனையை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் நீதிமன்றம் அல்ல. அது தேடலாம், விசாரிக்கலாம். எவரையும் தண்டிக்க முடியாது.

அன்றாட வாழ்வில்

பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் தாபரிப்புப் பணம் கேட்பது நீதவான் நீதிமன்றத்தில். கணவர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே கேட்கலாம். வீட்டு வன்முறைக்கு எதிராக 2005இன் சட்டப்படி பாதுகாப்புக் கட்டளை பெறுவதும் அங்கேதான்.

காணி வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்துக்கு உரியவை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியையே கணவரின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. காணாமற் போனவரிடம் கையெழுத்துக்கு எங்கே போவது? கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றுக் காரியம் பார்க்கலாம் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இதை அறியாமல் வருடக்கணக்காகக் காத்திருக்கும் சகோதரிகள் உள்ளனர்.

அரச அதிகாரிகள் அடிப்படை உரிமையை மீறினால் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கே மனுச் செய்யவேண்டும். காலக்கெடு ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. தமிழ்நாட்டுச் செய்திகளில் "உயர் நீதிமன்றம்" என்பது நம் நாட்டின் மேல் நீதிமன்றம் போன்றது. நமக்கோ உயர் நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேலானது. இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஏமாற வேண்டாம்.

சகோதரிகளே, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கப் பதிவு, வழக்கு இலக்கம் எழுதிய துண்டு ஆகியவற்றை ஒரு கோவையில் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடுங்கள். ஒரு நீதிமன்றம் "இது எமது நியாயாதிக்கத்துக்கு உட்பட்டதல்ல" என்று சொன்னால், உங்கள் முறைப்பாடு பொய்யென்று அர்த்தமில்லை. "அப்படியானால் எந்த நீதிமன்றத்துக்கு உரியது?" என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.